எங்கடை பிள்ளையளுக்கு என்ன வேணும் எண்டு ஆர் கேட்டது?

கனநாளாக எழுதவேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்த விடயம் இது. எங்கள் ஆட்கள் இரண்டு பேர் சந்தித்தால் அரை மணித்தியாலத்துக்குள் கதை பிள்ளைகளில் வந்து நிற்கும். "இந்த நாட்டிலை பிள்ளை வளர்க்கிறது லேசான வேலையில்லை" என்று ஒருவர் தொடங்குவார். "எங்களுக்கு ஆர் என்ன செய்து தந்தவங்கள்" என்று மற்றவர் முடிப்பார். பிறகு வேலைக்கு நேரமாகிவிட்டது என்று இரண்டு பேரும் எழும்பிப் போய்விடுவோம். எங்களுக்கு உண்மையில் என்ன தேவை, அதை யாரிடம் கேட்பது, கேட்டால் தரவேண்டிய கடமை அவர்களுக்கு இருக்கிறதா என்பதை ஒருவரும் கதைப்பதில்லை. இன்றைக்கு அதைக் கதைப்போம்.

நான் சட்டம் படித்தவன் இல்லை. யாழ் பல்கலைக்கழகக் கலைப்பீடத்தில் இரண்டாம் வருடத்தோடு நின்றவன். 2006 ஓகஸ்டில் ஏ9 பாதை மூடியதோடு என் படிப்பும் மூடியது. அடுத்த வருடம் ஜேர்மனிக்கு வந்தேன். அன்று தொடக்கம் உணவக அடுப்படிதான். ஆனால் இந்த நாட்டில் ஒரு நல்ல விசயம், சட்டம் எல்லாவற்றையும் இணையத்தில் காசு இல்லாமல் வாசிக்கலாம். மத்தியான வேலைக்கும் பின்னேர வேலைக்கும் இடையில் எனக்கு இரண்டரை மணித்தியாலம் ஓய்வு. அந்த நேரத்தில் அகராதியை வைத்துக்கொண்டு வாசித்ததில் இருந்துதான் எழுதுகிறேன்.

ஜேர்மனியின் சமூகச் சட்டக்கோவையில் எட்டாவது புத்தகம் சிறுவர், இளையோர் நலத்துக்கானது. மேற்கு ஜேர்மனிப் பக்கத்தில் 1991 ஜனவரி முதலாம் திகதி நடைமுறைக்கு வந்தது. அதில் 80வது பிரிவு என்ன சொல்கிறது தெரியுமா? ஒவ்வொரு ஊரிலும் யூகென்ட்அம்ற் மூன்று வேலை செய்யவேண்டும். முதலாவது, அந்த ஊரில் பிள்ளைகளுக்கும் குடும்பங்களுக்கும் என்னென்ன சேவைகள் இருக்கின்றன என்று கணக்கெடுக்கவேண்டும். இரண்டாவது, என்ன தேவை என்று கண்டுபிடிக்கவேண்டும். அதையும் அதிகாரிகள் தங்கள்பாட்டில் மேசையில் இருந்து முடிவுசெய்ய முடியாது, இளையோரின் விருப்பங்களையும் தாய் தகப்பனின் விருப்பங்களையும் கணக்கில் எடுத்தே செய்யவேண்டும். மூன்றாவது, தேவைக்கும் இருப்புக்கும் இடையில் உள்ள குறையை நிரப்ப நேரத்துக்குத் திட்டம் போடவேண்டும். தாயும் தகப்பனும் வேலையையும் குடும்பத்தையும் சேர்த்துக் கொண்டுபோகக்கூடிய விதமாகத் திட்டம் இருக்கவேண்டும் என்றும் அதே பிரிவில் எழுதியிருக்கிறது.

வாசித்துப்போட்டுக் கொஞ்ச நேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். எங்கள் விருப்பத்தைக் கேட்பது அவர்களுடைய கடமை. நாங்கள் கையேந்தி நிற்கவேண்டிய விசயம் இல்லை.

இதை வாசிக்கும்போது எனக்கு ஊர் மருத்துவிச்சிதான் நினைவுக்கு வந்தார். இலங்கையில் சுகாதார வைத்திய அதிகாரி பிரிவு என்ற முறை 1926 இல் களுத்துறையில் தொடங்கியது. அந்த முறையின் கடைசிப் படியில் நிற்பவர் சைக்கிளில் வருகிற மிட்வைஃப் அக்கா. எந்த வீட்டில் பிள்ளைத்தாச்சி, எந்தப் பிள்ளைக்கு நிறை காணாது, யாருக்குத் திரிபோஷா கொடுக்கவேண்டும் எல்லாம் அவரின் கொப்பியில் இருக்கும். யாரும் போய் விண்ணப்பிக்கத் தேவையில்லை, படலையைத் திறந்து அவரே வருவார். போர்க்காலத்தில் மருந்து இல்லாத நேரத்திலும் அந்தக் கொப்பி இருந்தது. வசதி குறைந்த நாடு, ஆனால் தேவையைத் தேடி வீட்டுக்கு வந்த முறை அது.

இங்கே வசதி இருக்கிறது. பிள்ளை பிறந்ததும் ஹெபாம வீட்டுக்கு வருகிறார், மஞ்சள் கொப்பியோடு ஒவ்வொரு பரிசோதனைக்கும் போகிறோம். அதுவரைக்கும் எல்லாம் ஒழுங்கு. அதன் பிறகு முறை மாறிவிடுகிறது. விண்ணப்பித்தவனுக்கு உண்டு, விண்ணப்பிக்காதவனுக்குத் தேவை இல்லை என்று கணக்கு. டுசல்டோர்ஃபில் பிள்ளைக்கு கிற்றாவில் இடம் தேடவேண்டும் என்றால் கிற்றா நவிகாற்றோர் என்ற இணையத்தளத்தில் பதியவேண்டும். பதியத் தெரிந்தவன் முன்னுக்கு நிற்கிறான். பிள்ளைக்கு மூன்று வயதில் இருந்து கின்டர்கார்டன் இடம் உரிமை என்று 1996 இல் சட்டம் வந்தது, ஒரு வயதில் இருந்து உரிமை என்று 2013 ஓகஸ்டில் வந்தது. இடம் கிடைக்காமல் வேலைக்குப் போகமுடியாத தாய்மார் நட்டஈடு கேட்கலாம் என்று 2016 ஒக்ரோபரில் உயர் நீதிமன்றம் லைப்சிக் நகரத்து மூன்று தாய்மாரின் வழக்கில் சொன்னது. ஆனால் நேரத்துக்கு எழுதிக் கேட்டிருந்தால்தானே வழக்கு நிற்கும்? வாயால் குறை சொன்னதற்கு ஒரு நீதிமன்றமும் காசு தராது.

சரி, எழுதிக் கேட்கிறவனின் நிலைமை என்ன? நொர்ட்றைன் வெஸ்ற்ஃபாலன் மாநிலத்தில் கிற்றாவுக்கு மூன்று அளவுகள்: வாரத்துக்கு 25 மணித்தியாலம், 35 மணித்தியாலம், 45 மணித்தியாலம். நான் முதலில் இருந்த சின்ன ஊரில் இந்த மூன்று பெட்டியும் போட்ட தாள் ஒன்று வந்தது, உங்கள் தேவை எது என்று புள்ளடி போடச்சொல்லி. நான் 45 இற்குப் போட்டேன். என்னுடைய தேவை பதியப்பட்டது, இடமும் கிடைத்தது, கணக்கில் தேவை நிறைவேறிவிட்டது. உண்மையில் நிறைவேறியதா?

உணவக வேலை செய்பவர்களுக்கு விளங்கும். பகல் 11 மணிக்குத் தொடங்கி இரண்டரை வரை. பிறகு பின்னேரம் 5 மணிக்குப் போனால் இரவு 11. கிழமைநாளில் நான் வீட்டில் இருப்பது இரண்டரைக்கும் ஐந்துக்கும் இடையில். அந்த நேரம் பிள்ளை கிற்றாவில். பள்ளிக்கூடம் போனபிறகு அதே நேரம் கன்ஸ்ராக்கில். பிள்ளை வீட்டுக்கு வர நான் சப்பாத்துப் போட்டுக்கொண்டு வெளிக்கிடுவேன். மனைவிக்கும் பின்னேரத் துப்பரவு வேலை என்றால் அந்த வீட்டில் ஆறு மணிக்குப் பிள்ளையோடு யார்? எங்களுக்கு வேண்டியது 45 மணித்தியாலம் இல்லை. வேறு மணித்தியாலம். அதற்கு அந்தத் தாளில் பெட்டி இல்லை. பெட்டி இல்லாததால் தேவையும் இல்லை என்று ஆகிவிடுகிறது.

இது தமிழனுக்கு மட்டும் உள்ள பிரச்சினை என்று நினைக்கவேண்டாம். டுசல்டோர்ஃப் என்றால் பழைய நகரத்தின் மதுச்சாலைகளும் மெஸ்ஸ கண்காட்சிகளும்தான் உலகத்துக்குத் தெரியும். கண்காட்சிக் கிழமைகளில் நகரத்தில் விடுதி அறை கிடைக்காது, உணவகத்தில் மேசை கிடைக்காது. அந்த இரவுகளில் கோப்பை கழுவுபவர், படுக்கை விரிப்பவர், டாக்சி ஓட்டுபவர், முதியோர் இல்லத்தில் இரவு வேலை செய்பவர் எல்லாருக்கும் பிள்ளைகள் உண்டு. போலந்துக்காரியும் மொறோக்கோக்காரனும் என்னோடு நின்று இதே கதையைத்தான் சொல்கிறார்கள். அரசாங்கத்துக்கும் தெரியாத விசயம் இல்லை. 2016 இல் மத்திய குடும்ப அமைச்சு வழமையான நேரத்துக்கு வெளியே பிள்ளை பராமரிப்புக்கு என்று கிற்றாபிளஸ் திட்டத்தைத் தொடங்கியது, அது சில வருடங்களில் முடிந்துவிட்டது. 2020 ஓகஸ்டில் மாநிலம் கிற்றாச் சட்டத்தைத் திருத்தி, நேரத்தை நெகிழ்வாக வைக்கும் ஊர்களுக்குத் தனிக் காசு ஒதுக்கியது. காசு இருக்கிறது. ஆனால் எந்தத் தெருவில் எத்தனை பிள்ளைக்கு அது வேண்டும் என்று யாராவது சொன்னால்தானே அந்தத் தெருவுக்கு வரும்? 2026 ஓகஸ்ட் முதலாம் திகதியில் இருந்து முதலாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நாளுக்கு எட்டு மணித்தியாலம் முழுநாள் இடம் உரிமை, 2029 இல் அது நாலாம் வகுப்பு வரைக்கும் போகும் என்று சட்டம் சொல்கிறது. நல்ல சட்டம். ஆனால் எட்டு மணித்தியாலத்தைப் பகலில் வைத்துத்தான் எல்லாரும் கணக்குப் பார்க்கிறார்கள்.

இனி எங்களை எப்படி எண்ணுகிறார்கள் என்று பாருங்கள். நகரக் குடிப்பதிவில் குடியுரிமைக்கு இடம் இருக்கிறது, மொழிக்கு இடம் இல்லை. இலங்கைப் பாஸ்போட் வைத்திருப்பவர் இலங்கை என்ற வரியில் வருவார், அதே வரியில் சிங்களவரும் வருவார். சென்னையில் இருந்து வந்த கணினி வேலைக்காரத் தமிழர் இந்தியா என்ற வரியில் போய்விடுவார். ஜேர்மன் குடியுரிமை எடுத்தவர் இரண்டு வரியிலும் இல்லை. 2000 ஆம் ஆண்டில் இருந்து, தாய் தகப்பனில் ஒருவருக்கு நிரந்தர வதிவிடமும் சட்டம் கேட்கிற அளவு வருடங்களும் இருந்தால் இங்கே பிறக்கும் பிள்ளை ஜேர்மன் குடியுரிமையோடு பிறக்கிறது. ஆக எங்கள் பிள்ளைகள் பலர் அந்த வரிகளில் ஒருநாளும் வந்ததே இல்லை. 2005 இல் இருந்து புள்ளிவிபரத்தில் "குடிபெயர்வுப் பின்னணி" என்று ஒரு சொல் வந்தது. அது எல்லாரையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டுகிற சொல்.

இதே நகரத்தில் யப்பானியரைப் பாருங்கள். இமர்மன் தெருவில் அவர்களின் கடைகள், ஒபர்காசலில் 1971 இல் தொடங்கிய அவர்களின் பள்ளிக்கூடம், நீடர்காசலில் பௌத்த விகாரை, அதோடு சேர்ந்து கின்டர்கார்டன். அவர்களைப் பார்த்து எனக்குப் பொறாமை இல்லை. அவர்களைப் பெரிய கொம்பனிகள் கூட்டிவந்தன, நகரத்துக்கு அந்தக் கொம்பனிகள் வேண்டும். அதனால் அவர்கள் என்ன வேண்டும் என்று மேசையில் இருந்து சொன்னார்கள். நாங்கள் கிழக்கு பெர்லினால் நுழைந்து, அகதி முகாமில் படுத்து, டுல்டுங் தாளை மாதக்கணக்கில் நீட்டி வாழ்ந்த சனம். அதிகாரி கேள்வி கேட்டால் குறைவாகப் பதில் சொல்வதுதான் பாதுகாப்பு என்று அனுபவம் எங்களுக்குப் பழக்கியது. பாஸ்போட் மாறிவிட்டது, அந்தப் பழக்கம் மாறவில்லை.

அந்தப் பழக்கத்தின் உச்சம்தான் யூகென்ட்அம்ற் என்ற பெயரைக் கேட்டதும் எங்கள் சனத்துக்கு வருகிற நடுக்கம். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன், ஆளை அடையாளம் தெரியாதபடி. பதினாலு வயதுப் பொடியன். தாய்க்கும் தகப்பனுக்கும் பின்னேர வேலை. பள்ளிக்கூடத்தில் இருந்து கடிதம் வந்தது. கடிதத்தை வாசித்து மொழிபெயர்த்தது யார்? அந்தப் பொடியன்தான் :-) "வகுப்புச் சுற்றுலாவைப் பற்றி எழுதியிருக்கினம்" என்று சொல்லிவிட்டான். மூன்றாவது கடிதத்தோடு ஆசிரியை தொலைபேசி எடுத்து, குடும்ப ஆலோசனை நிலையத்துக்குப் போய்க் கதையுங்கள், அதற்குக் காசு இல்லை என்று சொன்னார். தகப்பன் என்னிடம் வந்து சொன்னது இதுதான்:

"அங்கை போய்ப் பேரைக் குடுத்தா நாளைக்குப் பிள்ளையைக் கொண்டு போயிடுவாங்களடா. பிறகு சனத்தின்ரை முகத்திலை முழிக்கேலுமோ?"

இந்தப் பயத்துக்குக் காரணமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். அவசர ஆபத்து என்றால் பிள்ளையைப் பொறுப்பில் எடுக்க யூகென்ட்அம்ற்றுக்கு 42வது பிரிவு அதிகாரம் கொடுக்கிறது. பெற்றோர் ஒத்துக்கொள்ளாவிட்டால் விசயம் குடும்ப நீதிமன்றத்துக்குப் போகவேண்டும், அவர்கள் தங்கள் விருப்பத்துக்கு வைத்திருக்க முடியாது. ஆனால் அதே புத்தகத்தில்தான் குடும்ப ஆலோசனை, வீட்டுக்கு வந்து உதவி, இளையோர் நிலையம், ஓய்வுகால முகாம் எல்லாம் இருக்கின்றன. ஆலோசனை கேட்டுப் போகிறவனிடம் பிள்ளையைப் பறிப்பது அந்த அலுவலகத்தின் வேலை இல்லை. 2021 இல் சட்டத்தைத் திருத்தி, பிள்ளைகள் தாய் தகப்பனுக்குத் தெரியாமலேயே ஆலோசனை பெறலாம் என்று உரிமையை இன்னும் விரித்திருக்கிறார்கள். எங்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இதை அறிந்துகொள்கிறார்கள். எங்களுக்குத்தான் தெரியாது.

அந்த வீட்டுக் கதையின் மிச்சம்: அரை வருடம் கழித்துத் தாய் தனியாகப் போனார். ஒருவரும் பிள்ளையைக் கொண்டுபோகவில்லை. அவர்களின் வீட்டில் இருந்து பத்து நிமிட நடையில் ஒரு இளையோர் நிலையம், கிழமைக்கு இரண்டு நாள் பின்னேரம் வீட்டுப்பாடத்துக்கு உதவி, பிறகு மேசைப்பந்து. பல வருடமாக அங்கேயே இருந்திருக்கிறது. தேவையும் ஒரே தெருவில், சேவையும் ஒரே தெருவில். இரண்டும் ஒன்றை ஒன்று காணவில்லை. இந்த நகரத்தில் அகதிகளுக்கான உளநல நிலையம் ஒன்று 1987 இல் இருந்து இயங்குகிறது. 2009 இன் பிறகு வன்னியில் சொந்தங்களை இழந்த எங்களில் எத்தனை பேர் அந்தக் கதவைத் தட்டினோம்? அந்த வீடுகளில் வளர்ந்த பிள்ளைகள் இப்போது பெரிய ஆட்கள்.

இனி எங்கள் பக்கம். இதை எழுதினால் சிலருக்குக் கோபம் வரும், பரவாயில்லை. எங்களிடம் சனி ஞாயிறு தமிழ் வகுப்பு இருக்கிறது, நடன வகுப்பு இருக்கிறது, விளையாட்டுக் கழகம் இருக்கிறது, ஹாம் நகரத்தில் 2002 இல் குடமுழுக்குச் செய்த காமாட்சி அம்பாள் கோயில் இருக்கிறது. ஒரு சதமும் வாங்காமல் சனிக்கிழமை முழுக்கப் பிள்ளைகளோடு நிற்கிற ஆசிரியர்களை நான் கும்பிடுகிறேன். ஆனால் இவ்வளவு காலத்தில் எந்த ஒன்றுகூடலிலாவது பிள்ளைகளிடம் ஒரு தாளைக் கொடுத்து "உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டதை நான் காணவில்லை. பரிசளிப்பு விழாவில் எத்தனை பிள்ளை சித்தியடைந்தது என்று எண்ணுவோம். இடையில் விட்டுப்போன பிள்ளை ஏன் போனது என்று எண்ணமாட்டோம். நான் வீட்டில் மகளிடம் கேட்டுப் பார்த்தேன், பன்னிரண்டு வயது. அவள் யோசிக்காமல் சொன்ன பதில்: "கடைசியிலை சோதினை வைக்காத ஒரு இடம் வேணுமப்பா." அவளுக்கு பட்மின்ரன் விளையாடவேண்டும், போட்டிக்குப் போகவேண்டாம். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய ஆராய்ச்சி தேவைப்படவில்லை, கேட்கவேண்டும், அவ்வளவுதான்.

"நாங்களே எங்கடை பிள்ளையளைப் பார்ப்பம், வெள்ளையின்ரை உதவி என்னத்துக்கு" என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். அந்த மானம் எனக்கும் விளங்கும். ஆனால் அடுப்படியில் நின்று உழைக்கிற ஒவ்வொரு ஒயிரோவுக்கும் வரி கட்டுகிறோம். அந்த வரியில் கட்டிய இளையோர் நிலையத்துக்கு எங்கள் பிள்ளை போவது பிச்சை இல்லை. போகாமல் விட்டால் மிச்சம் பிடிப்பதும் நாங்கள் இல்லை.

குறை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் நானும் அரை மணித்தியாலக் கதைக்காரன்தான். ஆகவே என் மனதில் உள்ள நாலு விசயம்.

ஒன்று, தாள் வந்தால் நிரப்புங்கள். பெட்டி பொருந்தாவிட்டால் கீழே வெறும் இடத்தில் எழுதுங்கள்: "எனக்குப் பின்னேரம் 5 மணிக்குப் பிறகு தேவை" என்று பிழையான ஜேர்மனில் எழுதினாலும் அது ஒரு தேவை. மொழி விசயத்தில் ஒரு உதாரணம் சொல்கிறேன். இந்த மாநிலத்தில் அரச பாடசாலையில் தாய்மொழி வகுப்பு ஒன்று தொடங்க ஆரம்பப் பிரிவில் குறைந்தது 15 பிள்ளைகள், மேல் பிரிவில் 18 பிள்ளைகள் பதியவேண்டும். பதினாலு பேர் எழுதி, மிச்சப்பேர் "மற்றவை எழுதுவினம்தானே" என்று விட்டால் எண்ணிக்கை வராது.

இரண்டு, ஒவ்வொரு நகரத்திலும் இளையோர் நலக் குழு இருக்கிறது. அதில் ஐந்தில் இரண்டு பங்கு வாக்கு நகரசபைக்காரருக்கு இல்லை, அங்கீகரிக்கப்பட்ட தொண்டு அமைப்புகள் பிரேரிக்கிற ஆட்களுக்கு. அதன் கூட்டங்கள் பொதுவாக எல்லாருக்கும் திறந்தவை, யாரும் போய் இருந்து கேட்கலாம். மூன்று வருடம் இளையோருக்காக ஒழுங்காக வேலை செய்து, சட்டம் கேட்கிற தகுதிகளும் உள்ள சங்கத்துக்கு அந்த அங்கீகாரத்தைக் கேட்க 75வது பிரிவு உரிமை கொடுக்கிறது. எங்கள் சங்கங்களில் சில முப்பது வருடமாகப் பிள்ளைகளோடு வேலை செய்கின்றன. மண்டபத்துக்கு வாடகை கொடுக்க நிதி சேர்க்கிற நேரத்தில் பாதியை இதற்குச் செலவழித்துப் பாருங்கள்.

மூன்று, நகரத்துக்கு. எங்களிடம் கேட்கவேண்டும் என்றால் நாங்கள் இருக்கிற இடத்துக்கு, நாங்கள் இருக்கிற நேரத்துக்கு வாருங்கள். செவ்வாய்க்கிழமை பின்னேரம் 6 மணிக்குக் கூட்டம் வைத்தால் அந்த நேரம் உங்களுக்குச் சாப்பாடு பரிமாறிக்கொண்டு நிற்பவன் எப்படி வருவான்? சனிக்கிழமை காலையில் தமிழ் வகுப்பு நடக்கிற பாடசாலை முற்றத்தில் நூறு தாய் தகப்பன் தேத்தண்ணியோடு நிற்பார்கள். ஒரு அதிகாரி ஒரு மொழிபெயர்ப்பாளரோடு வந்தால் ஒரு காலையில் ஒரு வருடத்து வேலை முடியும்.

நாலு, பிள்ளைகளைக் கடிதம் வாசிக்கிற ஆளாக வைத்திருக்காதீர்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளை வைத்தியரிடம் தாயின் வருத்தத்தை மொழிபெயர்ப்பது எங்களுக்குக் கெட்டித்தனமாகத் தெரிகிறது. அந்தப் பிள்ளைக்கு அது பாரம். டுசல்டோர்ஃபில் இளையோரே வாக்குப்போட்டுத் தெரிவுசெய்கிற யூகென்ட்றாட் இருக்கிறது. எங்கள் வாயாக நின்றது போதும், அங்கே போய்த் தங்களுக்காகக் கதைக்கட்டும்.

ஊரில் மருத்துவிச்சி படலையைத் திறந்து வந்தபோது நாங்கள் கதவைப் பூட்டவில்லை, நாய் குரைத்தால் பிடித்துக் கட்டிவிட்டுக் கதிரை போட்டோம். இங்கே படலையும் இல்லை, சைக்கிளும் இல்லை, ஒரு தாள் வருகிறது, அவ்வளவுதான். அடுத்த தரம் பிள்ளையின் பையில் இருந்து அப்படி ஒரு தாள் வந்தால் பழைய பேப்பரோடு போடாமல் ஒரு பேனையை எடுங்கள். பிள்ளையையும் பக்கத்தில் இருத்திக் கேட்டு எழுதுங்கள்.